முதலில் கெட்ட செய்தி

இன்று முற்பகல் மின்சாரம் போனது. கொட்டாஞ்சேனை முழுவதற்குமா, எங்கள் தெருவுக்கு மட்டுமா என்று ஜன்னலால் எட்டிப் பார்க்கும் முன்பே கீழே ஜெனரேட்டர் இருமிக்கொண்டு எழும்பியது. டீசல் புகை மாடிப்படியால் ஏறி என் அறைக்குள் வந்தது. என் கை போனை எடுத்து உன் இலக்கத்தைத் தேடத் தொடங்கிவிட்டது. நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. தலைக்குத் தெரிந்த இந்த விஷயம் கைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். சாப்பாட்டு நேரம், கதவைச் சாத்தியிருக்கிறேன். யாராவது தட்டினால் ஏதோ முக்கியமான அறிக்கை எழுதுவதுபோல முகத்தை வைத்துக்கொள்வேன். அந்த முகத்துக்கு ‘பாங்க் மெனேஜர் முகம்’ என்று பெயர் வைத்தவள் நீதான். அதை நம்பாத ஒரே ஆளும் நீதான்.

நாம் இருவரும் இந்த மருந்துக் களஞ்சியத்தில் ஏறத்தாழ ஒரே காலத்தில் சேர்ந்தோம். நீ கோயிலடி ஒழுங்கையிலிருந்து நடந்து வருவாய். நான் வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் நசிந்து, புறக்கோட்டையில் மாறி, சேலை கசங்கி வந்து சேர்வேன். துறைமுகத்தில் பெட்டிகளை விடுவிப்பது உன் வேலை. அவற்றைக் குளிர் கெடாமல் நாடு முழுவதும் அனுப்புவது என் வேலை. உனக்குச் சுங்க அதிகாரிகளோடு சண்டை, எனக்கு லொறிக்காரர்களோடு சண்டை. மாலையில் மீன் அடைத்த மாலுபாணும் பாலில்லாத பிளேன்டீயும் வைத்துக்கொண்டு யாருடைய சண்டை பெரியது என்று நமக்குள் சண்டை.

பழைய முகாமையாளர் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்ததும் கம்பெனி நம் இருவரையும் கடற்கரை ஹோட்டல் ஒன்றுக்குத் தலைமைத்துவப் பயிற்சிக்கு அனுப்பியது. ஞாபகம் இருக்கும். பயிற்சியாளர் எங்களுக்குப் பலூனும் நூலும் தந்து கோபுரம் கட்டச் சொன்னார். நான் கட்டினேன். நீ ஒரு பலூனை உடைத்துவிட்டுச் சிரித்தாய். நல்ல தலைவருக்கு என்னென்ன குணம் வேண்டும் என்று அவர் கேட்டபோது நான் மளமளவென்று ஒப்புவித்தேன். நீ கையைத் தூக்கி, “சேர், கீழ உள்ள ஆக்கள் பயத்தில உண்மையைச் சொல்லாம விட்டா என்னா செய்றது?” என்று கேட்டாய். நம்பிக்கையைக் கட்டியெழுப்ப வேண்டும் என்றார். “அதுதான் எப்பிடி?” என்றாய். அவர் திரையில் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நான் மேசைக்குக் கீழே உன் காலை மிதித்தேன்.

முகாமையாளர் கதிரை எனக்கு வந்தது. என் ஆங்கிலத்துக்குத்தான் வந்தது என்று இருவருக்கும் தெரியும். உன்னை எனக்கு அடுத்த இடத்தில், உதவி முகாமையாளராகப் போட்டார்கள். எப்படி உன் முகத்தில் முழிப்பது என்று நான் தவித்துக்கொண்டு நிற்க, நீ வந்து, “உனக்கு வந்ததுதான் நல்லம். எனக்கு வந்திருந்தா நீ என்னோட கதைச்சிருக்க மாட்டே” என்றாய். நான் மறுத்தேன். நீ சிரித்தாய். நீ சொன்னதுதான் உண்மை என்று அப்போதே எனக்குப் பட்டது.

பதவியேற்ற அந்த முதல் நாளைப் பற்றி உன்னோடு எத்தனையோ தடவை கதைத்துவிட்டேன். ஆனாலும் இன்று அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நாளாந்தம் மின்வெட்டும் டீசல் வரிசையும் இருந்த காலம் அது. இன்சுலினுக்கு நாடு முழுவதும் தட்டுப்பாடு. எங்கள் கூல் ரூமுக்குள் கொஞ்சம் வந்து சேர்ந்திருந்தது. அந்த நேரத்தில்தான் எனக்குப் பட்டாபிஷேகம். சிங்களப் பஞ்சாங்கத்தைப் பார்த்து நான் கதிரையில் அமரவேண்டிய நேரத்தைக் கீழே வேலை செய்யும் பெடியள் குறித்து வைத்திருந்தார்கள். பால்சோறு வெட்டி வாழையிலையில் அடுக்கியிருந்தது. கணக்குப் பிரிவுப் பிள்ளைகள் நிறைகுடம் வைத்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினோம். தலைமை அலுவலகத்திலிருந்து பணிப்பாளர் வந்திருந்தார். நான் பட்டுச்சேலையில் வியர்த்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்தேன். நீ மட்டும் இல்லை. துறைமுகத்தில் ஒரு கொள்கலன் சிக்கியிருந்தது.

மேலே பற்றரியில் மின்விசிறிகள் ஓடின, பாட்டு வேறு போட்டிருந்தார்கள். பின்புறத்தில் ஜெனரேட்டர் நின்றுபோனது எங்களில் ஒருவருக்கும் கேட்கவில்லை. பிளாஸ்டிக் கானில் வாங்கிய டீசலில் தண்ணீர் கலந்திருந்தது. மெக்கானிக் நிஹாலும் மற்றவர்களும் கீழே சட்டையைக் கழற்றிவிட்டு அதோடு மல்லுக்கட்டினார்கள். கிடைத்த ஐஸ் பெட்டிகளையெல்லாம் கூல் ரூமுக்குள் தள்ளினார்கள். ஆனால் ஒருவராவது மேலே வந்து என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இடையிடையே கையைக் கழுவிவிட்டு வந்து பால்சோறு வாங்கிச் சாப்பிட்டு, வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பின்னேரம் நீ வந்தாய். அறை வாசலில் நின்று பணிப்பாளருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு என்னைப் பார்த்தாய்.

“வெளிய வா. கதைக்கணும்.”

“இப்பவோ? சேர் இருக்கிறார்.”

“அவர் இருக்கட்டும். நீ வா.”

மாடிப்படியில் வைத்துச் சொன்னாய். “காலையில ஜெனரேட்டர் நிண்டுட்டு. கூல் ரூம் பதினாலு டிகிரிக்குப் போயிருக்கு. இப்ப கரண்ட் வந்து திரும்ப எறங்கிட்டு.”

எட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். 

“ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?”

“உன்ர மொதல் நாளாம். விளக்கேத்தின வீட்டில கெட்ட கதை சொல்லக்கூடாதாம். நிஹாலும் அதைத்தான் சொல்றார், கணக்குப் பிள்ளைகளும் அதைத்தான் சொல்றாங்க. எங்கட மாதா கோயில் ஆக்களும் சேர்த்தி.”

சிங்களவரும் தமிழரும், சைவமும் கிறிஸ்தவ வேதமும் இந்தக் கட்டடத்தில் முழு மனதாக ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். என்மேல் வைத்த அன்பிலே அவர்கள் செய்த காரியம் அது. அதை நினைக்க எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தப் படியிலே நான் உன்மேல் பாய்ந்தேன். எல்லோரும் சேர்ந்து என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். கதிரை கிடைக்கவில்லை என்ற எரிச்சலா என்றும் கேட்டேன். தொண்டை கிழியக் கத்தவும் முடியாது, உள்ளே பணிப்பாளர். பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினேன்.

நான் கத்தி முடிக்கும்வரை நீ அதே படியில் நின்றாய். “கீழ யாழ்ப்பாண லொறி ஏத்தி முடிஞ்சு நிக்கிது. உன்ர பெரியம்மா அங்க சீனி வருத்தத்துக்கு ஊசி போட்டுக்கொள்றவதானே? அவவுக்குப் போறதும் இதிலதான் இருக்கும். சொல்லு, லொறி போகவா, நிக்கவா?” என்றாய். பிறகு குரலைத் தணித்து, “ஆர் பொறுப்பு எண்டு பேர் கேப்பாங்க. அதையும் யோசிச்சு வை” என்றாய்.

பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடினேன். லொறி ஸ்டார்ட்டில் நின்றது. வாசல் படலை பாதி திறந்திருந்தது. நான் கையை விரித்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன். இரண்டு நாள் வரிசையில் கிடந்து எடுத்த டீசல், ஏன் மிஸ் வீணாக்கச் சொல்கிறீர்கள் என்று சாரதி சிங்களத்தில் கெஞ்சினார். எஞ்சினை நிறுத்தி, பெட்டிகளையெல்லாம் இறக்கித் தனியாகப் பூட்டி வைக்கச் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் என் தலைக்கு மேலாக மாடியைப் பார்த்தார்கள். பணிப்பாளர் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

அவர் கெட்ட மனிதரல்ல. ஆஸ்பத்திரிகளிலிருந்து அவருக்கு விடாமல் அழைப்பு வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. சில மணித்தியாலம்தானே, மருந்து கெட்டிருக்காது, இதை நிறுத்தினால் அங்கே ஆட்கள் ஊசி இல்லாமல் கிடப்பார்களே என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.  லொறியை விட்டாலும் பழி, பிடித்தாலும் பழி. கெட்டதா இல்லையா என்று எனக்கும் தெரியாது சேர், உங்களுக்கும் தெரியாது, மருந்தைத் தயாரித்தவர்களிடம் கேட்கும்வரை இது படலையைத் தாண்டாது என்றேன். 

அவர் சாரதியைப் பார்த்து எஞ்சினை நிறுத்தச் சொன்னார். பிறகு, அறிக்கைக்கு ஒரு பெயர் வேண்டும், ஜெனரேட்டருக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். எல்லோருடைய கண்ணும் நிஹாலிடம் போனது. அவர் எண்ணெய்க் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பள்ளிக்கூடம் போகும் மூன்று பிள்ளைகளின் தகப்பன்.

“என்ர பேரைப் போடுங்கோ, சேர். இண்டையிலயிருந்து இந்தக் கட்டடத்துக்கு நான்தானே பொறுப்பு” என்றேன்.

அதைப் பெரிய தியாகம்போல மற்றவர்கள் பிறகு கதைத்தார்கள். உனக்கு மட்டும் உண்மை தெரியும். உன்மேல் இருந்த ஆத்திரத்தில் வந்த சொல் அது. யோசித்து வை என்று என்னிடம் சொல்ல நீ யார், இந்தா பார் என்று காட்டத்தான் சொன்னேன். எந்தக் காரணத்துக்காகச் சொன்னால் என்ன, சொன்ன பிறகு அது என் கழுத்தில் தொங்கியது.

உற்பத்தியாளரின் பதில் வரும்வரை போன நாட்களை மறக்க முடியாது. ஒவ்வொரு காலையும் பஸ்ஸில், இன்றைக்கு வேலை போய்விடும், இன்றைக்குப் போய்விடும் என்று நினைத்துக்கொண்டே வருவேன். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் தெமட்டகொடையிலிருந்து ஒரு தாய் வெற்றுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு படலைக்கே வந்துவிட்டாள். மகனுக்கு நாளைக்கு ஊசி இல்லை என்றாள். அவளுக்கும் பூட்டிவைத்த அந்த அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். இல்லை என்று சொல்லவும் முடியவில்லை, இருக்கிறது என்று சொல்லவும் முடியவில்லை, நான் வாயடைத்து நின்றேன். நீ அவளைக் கூட்டிப்போய் உன் மேசைக்கு முன்னால் இருத்தினாய். பார்மசி பார்மசியாக அழைத்து, சண்டை பிடித்து, கெஞ்சி, கடைசியில் பொரளையில் ஒரு கடையில் கண்டுபிடித்து, ஓட்டோவும் பிடித்து அனுப்பினாய். பிறகு என் அறைக்கு வந்து, “நீ அவவைப் பாத்து முழிச்சுக்கொண்டு நிண்டா கீழ இருக்கிறவங்களும் முழிப்பாங்க மேடம்” என்றாய். எனக்கு அழுகை வந்தது. உன்னை அடிக்கவும் வேண்டும்போல இருந்தது.

பதில் வந்தது. ஒரு பகுதியை அனுப்பலாம், மற்றதை அழிக்க வேண்டும் என்றிருந்தார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கதிரை தப்பியது. அன்று எல்லோரும் கேக் வெட்டலாம் என்றார்கள். நீ வேண்டாம் என்று தடுத்தாய்.

“கேக் வெட்டினா திரும்ப நல்ல நாளாயிரும். பெறகு ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான்.”

அதற்குப் பிறகுதான் அந்தக் காலைக் கூட்டத்தைத் தொடங்கினாய். லொறி ஏற்றும் மேடையில், எல்லோரும் பிளேன்டீக் கோப்பையோடு நின்றபடி. வணக்கம் கிடையாது, வாழ்த்துக் கிடையாது. முதலில் கெட்ட செய்தி. முதல் நாள் நான் தமிழிலும் சிங்களத்திலும் கேட்டேன். எல்லோரும் தேநீரைப் பார்த்தார்கள். அடுத்த நாளும் அப்படித்தான். ஆட்களிடம் இல்லாத கெட்ட செய்தியை எங்கே போய்ப் பிடுங்குவது என்று உன்மேல் எரிந்து விழுந்தேன்.

“உன்ர கெட்ட செய்தியை மொதல்ல சொல்லு” என்றாய்.

“என்னட்ட என்ன கெட்ட செய்தி?”

“நேத்து மாத்தறைக்குப் போற மருந்து ஓடரை நீதானே பிழையாப் பாத்தே? அதைச் சொல்லு.”

அதைச் சொல்ல எனக்கு உயிர் போனது. பிழையை ஒத்துக்கொள்ளுகிற பழக்கம் எங்கள் குடும்பத்திலேயே கிடையாது. ஐயா சாப்பாட்டில் உப்புக் கூடியதற்கும் உப்பைத்தான் குற்றம் சொல்வார். ஆனாலும் சொன்னேன், மேடையில், எல்லோருக்கும் முன்னால், காது சுட. ஒருவரும் சிரிக்கவில்லை. சற்றுக் கழித்து நிஹால் தொண்டையைச் செருமி, கூல் ரூம் கதவின் ரப்பர் ஒரு பக்கம் கழன்றிருக்கிறது, ஒரு கிழமையாகத் தெரியும் என்றார். ஏன் ஒரு கிழமை என்று கேட்க வாயெடுத்தேன். நீ என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடி, நன்றி என்றேன்.

பிறகு அணை உடைந்ததுபோலத்தான். துடைப்பக்கட்டை முறிந்ததற்கும் எனக்குப் போன் வந்தது. நான் உன்னிடம் முறையிட்டேன். “கேட்டது நீதானே, வாங்கு” என்று சொல்லிவிட்டுப் போனாய். அந்தத் தொல்லையில் நான் முகாமையாளர் ஆனேன். ஹோட்டலில் தந்த சான்றிதழ் அலுமாரிக்குப் பின்னால் விழுந்து கிடக்கிறது, இன்னும் எடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நிஹாலின் அழைப்பு வந்தது. உன் மகன் பதறிப்போய் முதலில் அவரைத்தான் கூப்பிட்டிருக்கிறான். “மிஸ், கெட்ட செய்தி. நிக்கிறீங்களா? முதல்ல உக்காருங்க” என்றார் சிங்களத்தில். உட்கார்ந்தேன். பூசைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய், ஆஸ்பத்திரிக்குப் போகமுன் முடிந்துவிட்டது என்று நேராகச் சொன்னார். உடம்பு சரியில்லையாம், கொஞ்சம் வந்து பாருங்கள் என்று சுற்றி வளைக்கவில்லை. எங்கள் சனம் சாவுச் செய்தியை அப்படிச் சுற்றி வளைத்துத்தானே சொல்லும். போனை வைத்த பிறகு, நீ பழக்கிய பழக்கம் உனக்கே வந்து நின்றதை நினைத்து நான் வெள்ளவத்தை வீட்டுக் குசினித் தரையில் இருந்து ஓவென்று அழுதேன். அப்படி அழுதது என் கலியாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

இனி உனக்குத் தெரியாதது. உன் இடத்துக்கு நான் ஆள் எடுக்கவில்லை. தலைமை அலுவலகம் அனுப்பிய ஒவ்வொருவரையும் நேர்முகம் கண்டேன். ஒருத்திக்குத் துறைமுகம் தெரியாது, ஒருவருக்குச் சிங்களம் போதாது, இன்னொருத்தி அளவுக்கு மீறிச் சிரித்தாள். அப்படி அப்படியே ஒரு வருடம். உன் மேசையில் யாரும் கோப்பையைக் கூட வைக்க நான் விடவில்லை. பொறுப்பான ஆள் கிடைக்கும்வரை அவசரப்படக்கூடாது என்று எல்லோருக்கும் விளக்கம் சொன்னேன். பாங்க் மெனேஜர் முகத்தோடு.

போன கிழமை காலைக் கூட்டத்தில் கெட்ட செய்தி என்ன என்று வழக்கம்போலக் கேட்டேன். வழக்கத்துக்கு மாறாக எல்லோரும் நிஹாலைப் பார்த்தார்கள். பிறகு நிஹால் கோப்பையைக் கீழே வைத்தார்.

“இன்றைக்குக் கெட்ட செய்தி நீங்கள்தான், மிஸ்.”

 எனக்கு முகம் கொதித்தது. ஆனால் அவர் நிறுத்தவில்லை. அந்த மேசையை வெறுமையாக வைத்திருக்கிறீர்கள், அந்த மேடமின் வேலையை நாங்கள் பங்குபோட்டுச் சுமக்கிறோம், இரண்டு பேர் நோயில் படுத்துவிட்டார்கள், முந்தாநாள் களைப்பில் பெட்டி மாறி ஏறப் பார்த்தது, மேடம் இருந்திருந்தால் இதை எப்போதோ உங்களிடம் சொல்லியிருப்பா, நாங்கள் உங்கள் துக்கத்தைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டோம் என்றார்.

திரும்பவும் அதே அன்பு. முதலில் பால்சோற்றுக்காக மறைத்தார்கள். இந்தமுறை துக்கத்துக்காக மறைத்தார்கள்.

எவ்வளவோ கத்தலாம்போல இருந்தது. யார் யாருக்கு இப்படித் தோன்றுகிறது என்று மட்டும் கேட்டேன். கை உயர்த்தாதவர் ஒருவருமில்லை. அதற்கு முதல் நாள்தான் சேர்ந்த காவலாளி கூட உயர்த்தினார், அவருக்கு நீ யாரென்றே தெரியாது. நன்றி என்று சொல்லிவிட்டு மேலே வந்து, அளவுக்கு மீறிச் சிரிக்கிறாள் என்று நான் தட்டிக்கழித்தவளை அழைத்தேன். திங்கட்கிழமை வருகிறாள்.

உன் மேசையை இன்று நானே துடைத்தேன். சுலபமாக இருக்கவில்லை. நடுவில் இரண்டு தரம் விட்டுவிட்டு ஜன்னலடியில் போய் நின்றேன். உன்னைப்போல ஒருத்தி வருகிறாள் என்று நான் ஏமாறவில்லை. ஆனால் அவளுக்கு வேலை சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுவேன். “எனக்குப் பிடிக்காததை நீர் வந்து சொல்லேக்க நான் கத்துவன். வாயில வந்ததெல்லாம் சொல்லுவன். அது என்ர குணம், இனி மாறாது. நான் கத்தி முடிக்குமட்டும் போயிடாதேயும், அந்த இடத்திலயே நில்லும்.”

நீ அப்படித்தான் நின்றாய்.